ரிவெட்டை எண்ணுகிறார்கள், குண்டை எண்ணுவதில்லை

பழைய போர் விமானத்தை ரசிப்பதில் அரசியல் இல்லை என்கிறார்கள். பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகும் அப்பாக்கள் சொல்கிறார்கள். வீட்டு மேசையில் பிளாஸ்டிக் பாகங்களைத் தேய்த்து ஒட்டிச் சாயம் பூசும் மாடல் கலைஞர்கள் சொல்கிறார்கள். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் பிறந்து, பட்டணத்தில் நல்ல வேலையில் அமர்ந்துவிட்ட நம் இளைஞர்களும் இப்போது அதையே சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால் சொல்வது தவறு.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். அவர்கள் வாதங்கள் நான்கு. விமானம் பொறியியலின் அழகு. மெர்லின் எஞ்சினின் உறுமலைக் கேட்டுச் சிலிர்ப்பவன் எந்தப் பேரரசையும் ஆதரிக்கவில்லை. இரண்டாவது, இந்த ஆர்வலர்கள் இல்லையென்றால் அந்த விமானங்கள் எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். வரலாற்றைக் காப்பவர்கள் அவர்களே, அதுவும் பாடநூலைவிடத் துல்லியமாக. மூன்றாவது, ஜப்பானியரிடமிருந்தும் பிறகு கம்யூனிஸ்டுகளிடமிருந்தும் இந்த மண்ணைக் காத்த இயந்திரங்கள் இவை. நன்றி காட்டுவதில் என்ன தப்பு? நான்காவதை நம்மவர்கள்தான் சொல்கிறார்கள்: தோட்டத் தமிழருக்கும் போர் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? எதை எடுத்தாலும் லயத்துச் சோகத்தைக் கொண்டுவந்து கொட்டுவது நமக்கு ஒரு வியாதியாகிவிட்டது.

நான்கில் ஒன்றுகூட முட்டாள்தனமான வாதம் இல்லை. நானே சுங்கை பெசி பழைய விமானத் தளத்து அருங்காட்சியகத்தில் ஒரு சேபரின் மூக்கடியில் வாயைப் பிளந்து நின்றவன்தான். இருந்தாலும் இந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்பதில்லை.

1.

அழகு என்கிறீர்களே, அந்த அழகு எங்கிருந்து வந்தது? ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கையைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஓவியர் யாரும் அதை வரையவில்லை. இறக்கை மெல்லியதாக இருக்க வேண்டும். அதற்குள்ளேயே மடங்கும் சக்கரமும் எட்டு இயந்திரத் துப்பாக்கிகளும் அடங்க வேண்டும். இந்த இரண்டு கட்டாயங்களையும் ஒருசேர நிறைவேற்றத் தேடியபோது கிடைத்த வடிவம் அது. அவ்ரோ லிங்கனின் நீண்ட வயிறும் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஆயிரம் ராத்தல் எடையுள்ள பதினான்கு குண்டுகளை அடுக்க இடம் தேவைப்பட்டது; அதைச் சுற்றித்தான் விமானத்தின் உடல் வளர்ந்தது.

எனவே வடிவத்தை மட்டும் ரசிக்கிறேன், வேலையைப் பற்றிக் கேட்காதே என்று சொல்ல முடியாது. வடிவத்தை ஏன் என்று கேட்ட உடனேயே வேலைக்கு வந்துவிடுகிறோம். கேட்காமல் ரசிப்பவர் பொறியியலை ரசிக்கவில்லை, பளபளப்பை ரசிக்கிறார்.

பிளாஸ்டிக் மாடல் தயாரிக்கும் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் முதல் விமான மாடல் ஸ்பிட்ஃபயர்தான், 1950களில் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் தன் கடைசித் தாக்குதலை நடத்தியது 1951 ஜனவரி 1 அன்று, இதே மலாயாவில். சிங்கப்பூரின் தெங்கா தளத்திலிருந்து 60ஆம் படைப்பிரிவு கிளம்பி ஜொகூர்க் காட்டைத் தாக்கிவிட்டுத் திரும்பியது. இடைவெளி சில ஆண்டுகள்தான். பிரிட்டனில் ஒரு சிறுவன் பசை பூசிக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அந்தப் போர் நடந்துகொண்டுதான் இருந்தது. ‘அது எப்போதோ முடிந்துபோன காலம்’ என்ற மயக்கம் பெட்டிக்குள்ளேயே வைத்து விற்கப்பட்டது.

2.

துல்லியமா? சரி, உங்கள் அளவுகோலாலேயே அளப்போம். மாடல் கலைஞரின் ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு, வாலில் எந்த எண், எஞ்சின் புகை இறக்கையில் எந்தப் பக்கம் கறை படிய வைக்கும் என்று தேடித்தேடிச் செய்கிறார். ஒரு ரிவெட் வரிசை தப்பினால் நண்பர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சாயத்தின் சாயல் சற்றுப் பிசகினால் வாக்குவாதம் நள்ளிரவு தாண்டும்.

அதே கையால் இதையும் எழுதிப் பாருங்கள். ஆஸ்திரேலிய விமானப்படையின் 1ஆம் படைப்பிரிவு 1950இலிருந்து 1958 வரை தெங்காவில் லிங்கன்களை வைத்திருந்தது. எட்டு ஆண்டுகளில் அவை மலாயாக் காடுகள்மேல் போட்ட குண்டுகள் ஏறத்தாழ 14,000 டன். அவசரகாலம் என்று அழைக்கப்பட்ட அந்தப் போரில் இங்கே விழுந்த குண்டுகளில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரே படைப்பிரிவுடையது. பலன்? உறுதியாகக் கணக்கில் ஏறியவை குறைந்தது 16 கெரில்லாக்களின் சாவும் இருபது முப்பது முகாம்களின் அழிவும். ஆளுக்கு எண்ணூறு டன்னுக்கு மேல் வருகிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கொல்வது மட்டும் அந்தக் குண்டுவீச்சின் நோக்கம் அன்று. கெரில்லாக்களைத் தூங்கவிடாமல் செய்வது, காட்டிலிருந்து விரட்டிக் காத்திருக்கும் படையினரிடம் தள்ளுவது என்றெல்லாம் திட்டம் இருந்தது. 1956 பிப்ரவரியில் குளுவாங் அருகே ஒரு முகாம் நேரடியாகவே சிக்கியது. ஆனால் அந்த வெற்றியைச் சொல்பவர்கள் மற்ற ஆண்டுகளைச் சொல்வதில்லை. காடு என்றால் யாருமில்லாத பச்சை நிறம் என்று நினைப்பவருக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு உறுத்தாது. ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்பும் பயிரும் அங்கேதான் இருந்தன. காட்டோரம் நிலப் பட்டா இல்லாத சீனக் குடியானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பக்கம் தோட்டத்து நிரைகளில் விடிகாலையில் பால் வெட்டிக்கொண்டு நம்மவர்கள்.

ஹெலிகாப்டர் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் அதுதான் எதிர்த்தரப்பின் நல்ல சாட்சி. 1950இல் மலாயாவுக்கு வந்த டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்கள் காட்டில் காயம்பட்டவர்களைத் தூக்கிக் காப்பாற்றின. உண்மை, அதற்கு நன்றி. ஆனால் அதே போரில் ஹெலிகாப்டர்கள் காட்டுக்குள் இருந்த பயிர்நிலங்கள்மேல் நஞ்சும் தெளித்தன. சாலையோரப் புதர்களை அழிக்கப் பயன்பட்ட மருந்துகளில் 2,4,5-டி இருந்தது. பின்னாளில் வியட்நாமில் அமெரிக்கா கொட்டிய ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ கலவையின் பாதி அது. வியட்நாமுக்கு முன்மாதிரியாகச் சுட்டிக்காட்டப்பட்டது மலாயா. மாடல் பெட்டிக்குள் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது. தெளிப்பான் குழாய் இல்லை. துல்லியம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்: பார்ப்பவருக்கு வசதியான இடத்தில்.

3.

காப்பாற்றின என்கிறீர்கள், யாரை? 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியபோது மலாயாவைக் காக்க 336 விமானமாவது வேண்டும் என்று முன்பே கணித்திருந்தார்கள். இருந்தவை 158. இன்று மாடல் கலைஞர்கள் கொஞ்சும் குண்டு உடம்புக்காரப் பிரூஸ்டர் பஃபலோ அவற்றில் ஒரு வகை. டிசம்பர் 11ஆம் தேதி பினாங்கு ஜார்ஜ் டவுன் மேல் ஜப்பானிய விமானங்கள் வந்தன. ஓடி ஒளிய வேண்டும் என்று யாரும் மக்களுக்குப் பழக்கியிருக்கவில்லை. அவர்கள் தெருவுக்கு வந்து, அண்ணாந்து, அந்த அணிவகுப்பை வேடிக்கை பார்த்தார்கள். குண்டுகள் அவர்கள் மேலேயே விழுந்தன. வானத்தில் அழகாக வரும் விமானத்தை வெறுமனே ரசித்த கூட்டம் நம் வரலாற்றில் உண்டு. அதற்கு நேர்ந்ததும் பதிவில் உண்டு. சில நாளில் ஐரோப்பியர்கள் பினாங்கைவிட்டு ஏற்றப்பட்டார்கள். மற்றவர்கள் விட்டுவைக்கப்பட்டார்கள்.

1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியப் படகுகள் கோலசிலாங்கூர்க் கடற்கரையோரமே வந்துவிட்டன. 7ஆம் தேதி சிலிம் ரிவரில் டாங்கிகள் பிரிட்டிஷ் அணியைப் பிளந்தன. 11ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. வடசிலாங்கூர்த் தோட்டங்களைக் காத்த விமானம் என்று எதைக் காட்டப்போகிறீர்கள்?

சரி, ஜப்பான்காரன் காலத்தை விட்டுவிடுவோம், அவசரகாலத்தில்? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் நாடு முழுவதும் பிரகடனமானது. கம்யூனிஸ்டுகள் கையாலும் தோட்டத் தொழிலாளர்கள் செத்திருக்கிறார்கள். அதை மறைப்பவர் பக்கம் நான் இல்லை. ஆனால் அந்தப் போரை முடித்தவை பெரும்பாலும் தரையில் நடந்தவை: முள்வேலி, அடையாள அட்டை, அரிசி ரேஷன், ஊரடங்கு. பிரிக்ஸ் திட்டம் என்ற மறுகுடியேற்றத்தில் சுமார் ஐந்து லட்சம் பேர் புதுக்கிராமங்களுக்கு நகர்த்தப்பட்டார்கள். தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இருந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் சிதறிக்கிடந்த குடியிருப்புகளிலிருந்து வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். வெற்றிக்கான விலையைக் கொடுத்தவர்கள் வேலிக்குள் இருந்தவர்கள். பெருமை மட்டும் விமானத்துக்குப் போகிறது.

எதைக் காத்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும். போருக்குப் பிந்தைய ஸ்டெர்லிங் வட்டாரத்தில் பிரிட்டனுக்கு அதிக டாலர் ஈட்டிக் கொடுத்த காலனி மலாயா, ரப்பராலும் ஈயத்தாலும். அந்த ரப்பரை வெட்டியவர்களின் தொழிற்சங்கம் அவசரகாலத்துக்குச் சில நாள் முன்பே சட்டத்தால் முடக்கப்பட்டது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1948 டிசம்பரில் நம் வடசிலாங்கூரிலேயே, பத்தாங்காலியின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், ஸ்காட்ஸ் காவற்படையினர் ஆயுதமில்லாத 24 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்ட பொது விசாரணையை 2015இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் தரவில்லை. ‘நம்மைக் காத்தார்கள்’ என்ற வாக்கியத்தில் அந்த ‘நம்மை’யில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள், பிறகு நன்றியைப் பற்றிப் பேசலாம்.

4.

தமிழனுக்கும் விமானத்துக்கும் சம்பந்தமில்லையாம். இந்த வாதத்தை நம்மவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. விமானத்தை ஓட்டியவன் மட்டும்தான் விமானத்தோடு சம்பந்தப்பட்டவன் என்று யார் சட்டம் போட்டது?

பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ் எந்த மாடல் கலைஞனுக்கும் கனவு விமானம். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வங்காளத்துக் கரக்பூர் வட்டாரத் தளங்களிலிருந்து கிளம்பிய பி-29கள் கோலாலம்பூர் ரயில்வேயைத் தாக்கின. பெரும் அடி விழுந்தது செந்தூல் ரயில் பட்டறைக்கு. செந்தூல் பட்டறை என்றால் யார்? ஃபிட்டரும் கொல்லரும் கரி அள்ளுபவரும் பெரும்பாலும் தமிழர். அவர்கள் வீடுகளும் சுற்றிலும்தான். ரயில்வே ஊரான கரக்பூரிலிருந்து புறப்பட்டு இன்னொரு ரயில்வே ஊரை அடித்தார்கள். போரில் ரயில் பட்டறை நியாயமான இலக்குதான் என்று ராணுவ நூல்கள் சொல்லும். சொல்லட்டும். இலக்கில் மனிதர்கள் இருந்தார்கள் என்பதையும் கூடவே சொன்னால் போதும்.

லிபரேட்டர் விமானத்துக்கு வருவோம். சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போனவர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். இறந்தவர்கள் பல பத்தாயிரம் பேர். சிலாங்கூர்த் தோட்டங்களில் இதைக் கேட்டு வளராத குடும்பம் குறைவு. பாதை 1943இல் முடிந்த பிறகும் பராமரிப்பு வேலைக்கென்று முகாம்களில் பலர் வைக்கப்பட்டார்கள். அந்தப் பாதையையும் பாலங்களையும் 1944, 1945இல் குண்டுவீசித் தகர்த்தவை நேச நாட்டு லிபரேட்டர்கள். காஞ்சனபுரிப் பாலத்துக்கு இன்று கூட்டம் கூட்டமாகப் போய்ப் படமெடுக்கிறோம். ஜப்பானியனின் பிரம்பு கீழே, நேச நாட்டின் குண்டு மேலே என்று இரண்டுக்கும் நடுவில் கிடந்தவன் தோட்டத்துத் தமிழன். லிபரேட்டர் மாடலுக்குச் சாயம் பூசும் பேரனுக்கு இதைவிட நெருங்கிய சம்பந்தம் எது வேண்டும்?

அவசரகாலத்தில் விமானம் தோட்டத்துக்கு மேல் வேறு மாதிரியும் வந்தது. ஒலிபெருக்கி பொருத்திய டக்கோட்டாக்களும் ஆஸ்டர்களும் காட்டோரம் சுற்றிச் சரணடையச் சொல்லிப் பேசின. துண்டுப்பிரசுரங்கள் கோடிக்கணக்கில் கொட்டப்பட்டன. மலாய், சீனத்தோடு தமிழிலும் அச்சிட்டார்கள். கீழே லயத்தில் என்ன நிலைமை? வேலிக் கதவு காலையில் திறக்கும்போதுதான் வெட்டுக்குப் போக முடியும். வாசலில் உடம்பைத் தடவிச் சோதனை. காட்டுக்குள் இருப்பவனுக்குப் போய்விடும் என்று மதியச் சோற்றைக்கூடக் கொண்டுபோக விடவில்லை. வெறும் வயிற்றோடு பால் வெட்டித் திரும்ப வேண்டும். சில பகுதிகளில் குடும்பங்களுக்கு அரிசியே கொடுக்காமல், பொதுச் சமையலில் வடித்த சோறாகக் கொடுத்தார்கள், சேர்த்துவைக்க முடியாதபடி. மேலே சுற்றிய விமானமும் கீழே பிடுங்கப்பட்ட சோற்றுப் பொட்டலமும் ஒரே நடவடிக்கையின் இரண்டு உறுப்புகள். ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மற்றொன்றை மறப்பது ரசனை சார்ந்த விஷயம் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

5.

அருங்காட்சியகம் வரலாற்றைக் காக்கிறதா? காக்கிறது, தேர்ந்தெடுத்து. நான் பார்த்த விமான அட்டைகளில் எஞ்சினின் குதிரைசக்தி, இறக்கையின் நீளம், அதிக வேகம், சேவைக்கு வந்த ஆண்டு, ஓய்வுபெற்ற ஆண்டு ஆகியவை இருந்தன. எதை ஏற்றிக்கொண்டு போனது, எங்கே இறக்கியது என்பது இல்லை.

வேறு மாதிரிச் செய்ய முடியாதா என்றால், வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி மேல் ஏறுங்கள். அங்கேயும் பழைய ஆயுதங்கள்தான், பீரங்கிகள். ஆனால் அந்தக் குன்றின் கதையை யாரும் பீரங்கிக் குழாயின் விட்டத்தோடு முடிப்பதில்லை. 1784இல் டச்சுக்காரர் கோட்டையைப் பிடித்தது, சுல்தான் இப்ராஹிம் பகாங்குக்குப் போனது, மறு ஆண்டே திரும்பி வந்து மீட்டது எல்லாம் சேர்ந்ததுதான் கதை. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பீரங்கிக்குக் கிடைக்கும் இந்த நேர்மை இருபதாம் நூற்றாண்டு விமானத்துக்கு ஏன் கிடைப்பதில்லை? பீரங்கியால் அடிபட்டவர் சுல்தான். விமானத்தின் கீழ் இருந்தவர்கள் கூலிகள். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய தேசிய அருங்காட்சியகம் 1963இல் திறக்கப்பட்ட இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945 மார்ச் 10 அன்று பி-29 போட்ட குண்டில் அதன் வலப்பக்கக் கட்டடம் முழுதாகப் போனது. விமானங்களைக் கொண்டாடும் அருங்காட்சியகக் கலாச்சாரத்தின் மூத்த வீட்டையே விமானம் இடித்திருக்கிறது.

நம் நாட்டு விமானப்படையின் விமானங்களை இந்தக் குற்றச்சாட்டில் சேர்க்கவில்லை. 1958இல் வந்த முதல் ட்வின் பயனியர், பிரதமர் துங்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயரிட்டது, சுமந்தது பெரும்பாலும் ஆட்களையும் பொருள்களையும். நூரி ஹெலிகாப்டர்கள் வெள்ளத்தில் எத்தனையோ பேரைத் தூக்கியிருக்கின்றன. அவற்றின் முழுக்கதையை எழுதினால் அவற்றுக்குப் பெருமைதான் கூடும். முழுக்கதைக்குப் பயப்பட வேண்டியவை வேறு விமானங்கள்.

காக்கப்படாதவற்றையும் பாருங்கள். 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோக்கோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்ட தென்னமரம் தோட்டம் பெஸ்தாரி ஜெயாவில்தான் இருக்கிறது. அவர் பெயர் எல்லா நூலிலும் உண்டு, நட்டவர்கள் பெயர் எதிலும் இல்லை. அதே வட்டாரத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராட வேண்டியிருந்தது. அவசரகாலத்து வேலியோடு ஒரு லயமாவது, ஒரு பெரட்டுக்களமாவது காட்சிக்கென்று எங்காவது காக்கப்பட்டிருந்தால் எனக்குக் காட்டுங்கள். துருப்பிடித்த இறக்கைக்குக் கூரை போடத் தெரிந்த ஆர்வம், லயத்தின் தகரக் கூரை பிரிக்கப்பட்டபோது எங்கே போயிருந்தது?

மாடல் செய்வதை நிறுத்தச் சொல்லவில்லை. விமானங்களை உடைக்கவும் சொல்லவில்லை. செய்யக்கூடியவை சில உண்டு. அருங்காட்சியகங்கள் 1941க்கும் 1960க்கும் இடையில் இங்கே பறந்த ஒவ்வொரு விமானத்தின் அட்டையிலும் சுமை என்ன, இலக்கு எது, அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்று சேர்க்கட்டும். வேலிக்குள் வளர்ந்த பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டிய தாத்தா பாட்டிகள். அவர்களிடம் போய்க் கேட்டுப் பதிவுசெய்ய இளைஞர்களுக்கு இன்னும் சில ஆண்டுதான் இருக்கிறது. மாடல் கலைஞர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கண்காட்சிக்கு லிங்கனைக் கொண்டுவரும்போது, வால் எண்ணை எழுதும் அதே மெல்லிய தூரிகையால் பீடத்தில் இதையும் எழுதிவையுங்கள்: 14,000 டன், குறைந்தது 16 பேர்.